தமிழ் வகுப்பில் மூட் மீட்டர்: பெயரடைப் பாடத்துக்கு எவ்வளவு உதவுகிறது?

‘மூட் மீட்டர்’ என்பது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உணர்வுசார் நுண்ணறிவு மையத்தினர் பள்ளிகளில் பயன்படுத்தும் நான்கு வண்ண அட்டவணை. குழந்தைகள் தம் மனநிலையைத் தாமே கவனித்து, அதற்குரிய சொல்லைத் தேடிச் சொல்லப் பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம். நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நான் அதைப் பெயரடைக்கும் (‘பெரிய’, ‘வருத்தமான’ போலப் பெயருக்கு முன் வந்து அதன் தன்மையைச் சொல்வது) பெயரெச்சத் தொடருக்குமான (‘அழுத பையன்’ போல வினையிலிருந்து பிறந்த சொல் பெயரைத் தழுவி வருவது) பாடக் கருவியாக எடுத்துக்கொண்டேன். இந்த மதிப்புரை அந்தக் கோணத்திலிருந்து மட்டுமே எழுதப்படுகிறது. மனநலக் கருவியாக அதன் தகுதியை எடைபோடும் பொறுப்பு உளவியலாளர்களுடையது.

அட்டவணையின் அமைப்பு எளிது. கிடைக்கோடு மனத்துக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது என்பதையும், நிலைக்கோடு உடலில் எவ்வளவு விசை இருக்கிறது என்பதையும் காட்டுகின்றன. இரண்டும் −5 முதல் +5 வரை அளவிடப்பட்டு நடுவில் வெட்டிக்கொள்வதால் நான்கு பகுதிகள் கிடைக்கின்றன. இதம் குறைந்து விசை மிகுந்தால் சிவப்பு, இரண்டும் மிகுந்தால் மஞ்சள், இரண்டும் குறைந்தால் நீலம், இதம் மிகுந்து விசை குறைந்தால் பச்சை. ஒவ்வொரு பகுதியிலும் 25 என மொத்தம் 100 ஆங்கிலச் சொற்கள் பத்துக்குப் பத்துக் கட்டங்களில் அடுக்கப்பட்டுள்ளன. உணர்வுகளை இப்படி இரண்டு அச்சுகளில் வைத்துப் பார்க்கும் முறையை உளவியலாளர் ஜேம்ஸ் ரசல் 1980இல் முன்வைத்தார். யேல் மையத்தைச் சேர்ந்த மார்க் பிராக்கெட்டும் அவருடைய குழுவினரும் அதைப் பள்ளிக்கு ஏற்ற வடிவமாக்கி, ‘ரூலர்’ என்னும் தம் திட்டத்தின் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாக வைத்துள்ளனர். உணர்வை இனங்காணுதல், அதன் காரணத்தைப் புரிந்துகொள்ளுதல், பெயரிடுதல், வெளிப்படுத்துதல், நெறிப்படுத்துதல் ஆகிய ஐந்து திறன்களின் ஆங்கில முதலெழுத்துகளே அந்தப் பெயர்.

இதை மொழிப்பாடத்துக்குக் கொண்டுவருவது கருவியின் இயல்புக்கு மாறானது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. உணர்வுச் சொற்களை ஆங்கில மொழிப்பாடத்தோடு பிணைத்துக் கற்பிக்கும் ஒரு பாடத்திட்டம் ரூலரிலேயே உண்டு. அதை ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் நடத்திப் பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், அப்பாடத்தைப் படித்த மாணவர்களின் ஆண்டிறுதி மதிப்பெண்களும், ஆசிரியர்கள் கணித்த சமூக, உணர்வுத் திறன்களும் மற்ற மாணவர்களைவிட மேம்பட்டிருந்ததாகப் பதிவாகியுள்ளது. ஆய்வை நடத்தியவர்களுள் கருவியை உருவாக்கியவர்களும் இருந்தனர் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

பெயரடைப் பாடம் நம் வகுப்பறைகளில் வழக்கமாக எப்படி நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. யானைப் படத்தின் கீழ் ‘பெரிய’, எறும்புப் படத்தின் கீழ் ‘சிறிய’, ரோஜாவின் கீழ் ‘அழகான’ என்று கோடிட்ட இடங்களைக் குழந்தை நிரப்புகிறது. விடை எல்லோருக்கும் ஒன்றுதான், சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது. ஆனால் தன்னைப் பற்றிச் சொல்ல முனையும் குழந்தைக்குச் சரியான சொல் கிடைக்காவிட்டால் உண்மையாகவே ஒன்று குறைகிறது. ‘எரிச்சலான’ என்பதற்கும் ‘வருத்தமான’ என்பதற்கும் உள்ள வேறுபாடு தேர்வுத்தாளில் அரை மதிப்பெண், இடைவேளையில் நடந்த சண்டையை விளக்கும்போதோ அதுதான் முழு விஷயம். உளவியலாளர் மாத்யூ லீபர்மேனும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட மூளைப்படப் பரிசோதனை, முகத்தில் தெரியும் உணர்வுக்குப் பெயர் சூட்டும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு தணிவதைக் காட்டியது. இலக்கணத்துக்கும் மனத்துக்கும் இடையே இப்படி ஒரு பாலம் இருக்கும்போது யானையையும் எறும்பையும் மட்டுமே பிடித்துக்கொண்டிருப்பது நம் சோம்பல்.

இக்கருவியில் என்னை மிகவும் கவர்ந்தவை அதன் இரண்டு அச்சுகளே. வகுப்பில் அவற்றுக்கு ‘இதம்’, ‘வேகம்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். “எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டால் நம் குழந்தைகளில் பாதிப் பேர் “நல்லா இருக்கேன்” என்பார்கள், மீதிப் பேர் “ஒரு மாதிரியா இருக்கு” என்பார்கள். அந்த ‘ஒரு மாதிரி’க்குள் நுழைய மூட் மீட்டர் இரண்டே கேள்விகளைக் கேட்கிறது: உனக்கு இது பிடித்திருக்கிறதா, உடம்பு துறுதுறுவென்று இருக்கிறதா அல்லது ஓய்ந்து கிடக்கிறதா? இவ்விரண்டுக்கும் ஒன்பது வயதுக் குழந்தையால் எந்தச் சொல்லும் இன்றி விரலை வைத்தே விடை சொல்ல முடிகிறது. இடம் முதலில் அமைந்துவிடுகிறது, சொல்லைப் பிறகு நிதானமாகத் தேடிக்கொள்ளலாம். சொல்லை முதலில் கேட்டுக் குழந்தையைத் திணறவைக்கும் வழக்கமான முறைக்கு இது நேர்மாறானது.

சொற்களின் தரவரிசையைக் கற்பிக்கவும் இந்த அமைப்பு நன்றாகத் துணைசெய்கிறது. சிவப்புப் பகுதியில் கீழிருந்து மேலே போகப்போக எரிச்சல், கோபம், ஆத்திரம், வெறி என்று விசை ஏறுவதைக் குழந்தைகள் தாமாகவே அடுக்குகிறார்கள். சற்று, ஓரளவு, மிகவும், அளவுகடந்த என்னும் அடைகளையும் அதே ஏணியில் ஏற்றலாம். ‘மிகவும் எரிச்சலான’ பெரியதா, ‘சற்றுக் கோபமான’ பெரியதா என்று ஒரு வகுப்பு முழுவதும் வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். வேறெந்தப் பெயரடைப் பயிற்சியும் அத்தகைய வாதத்தைக் கிளப்பி நான் பார்த்ததில்லை.

அச்சுகளை விட்டு நூறு சொற்களுக்கு வந்தால் கருவி தமிழில் தடுமாறுகிறது. சொற்பட்டியலை மொழிபெயர்த்து ஒட்டினால் போதும் என்று எண்ணுபவர்கள் இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். அந்த நூறும் ‘நான் இப்படி இருக்கிறேன்’ என்னும் ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடத்தில் அப்படியே அமரக்கூடிய சொற்கள். தமிழில் உணர்வு அப்படிப் பேசப்படுவதில்லை. எனக்குக் கோபம் வருகிறது, எனக்கு வருத்தமாக இருக்கிறது என்று, உணர்வு நான்காம் வேற்றுமை ஏற்ற ஒருவரிடம் வந்து சேர்வதாகவே நாம் சொல்கிறோம். ‘நான் கோபமானவன்’ என்று ஒரு குழந்தை எழுதினால் அது அப்போதைய நிலையைச் சொல்லாமல் பிறவிக் குணத்தைச் சொல்லிவிடும். ஆகவே அட்டவணையில் பெயரடைகளை எழுதிவைப்பது தமிழில் தவறான முதற்படி. என் வகுப்பு அட்டவணையில் கோபம், பதற்றம், ஏமாற்றம், நிம்மதி, நிறைவு, குதூகலம் என்று பெயர்ச்சொற்களை மட்டுமே எழுதியிருக்கிறேன். அவற்றை ‘ஆக’ சேர்த்து வினையோடும் ‘ஆன’ சேர்த்துப் பெயரோடும் பொருத்துவது குழந்தையின் வேலை. பாடத்தின் இலக்கணமும் அதுவேதான்.

‘ஆன’ சேர்ப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘பயமான இடம்’ என்றால் பயத்தைத் தரும் இடம். பயத்தை அனுபவிக்கும் பையனைப் ‘பயமான பையன்’ என்று யாரும் சொல்வதில்லை, அவன் ‘பயந்த பையன்’. பாடம் ‘சலிப்பான பாடம்’, மாணவன் ‘சலித்துப்போன மாணவன்’. ‘வெட்கமான பெண்’ என்பது காதுக்கு இடறுகிறது, ‘வெட்கப்பட்ட பெண்’ இடறவில்லை. அதாவது உணர்வைத் தருவதற்குப் பல இடங்களில் ‘ஆன’ ஏற்ற பெயரடையும், உணர்வைப் பெறுபவருக்கு வினையிலிருந்து பிறந்த பெயரெச்சமும் அமைகின்றன. இது எல்லாச் சொற்களுக்கும் பொருந்தும் விதியாகாது, ‘மகிழ்ச்சியான’ என்பது செய்திக்கும் வரும், குழந்தைக்கும் வரும். இருந்தாலும் எந்தச் சொல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று குழந்தைகளைச் சொல்லிப் பார்க்கவைப்பதே நல்ல பயிற்சி. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்குக் காது முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்கும், ஆசிரியர் அதைக் கேள்வியாக்கினால் போதும்.

பெயரெச்சத் தொடருக்கு வரும்போதுதான் இலக்கணமும் உணர்வுப் பயிற்சியும் ஒன்றையொன்று உண்மையாகத் தாங்குகின்றன என்பது என் முடிவு. நம் பேச்சில் ஆளுக்குக் குணத்தை ஒட்டிவைக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை: அழுமூஞ்சி, சிடுமூஞ்சி, பயந்தாங்கொள்ளி, முன்கோபி, கோபக்காரன். இவை ஒருமுறை ஒட்டிக்கொண்டால் ஆண்டு முழுதும் போவதில்லை, ஆசிரியர் அறையில்கூட அப்படியே புழங்குகின்றன. இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, அதைப் பெயரெச்சத் தொடராக மாற்றச் சொன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ‘அழுமூஞ்சி’ என்பது ‘பல்வலியால் அழுத பையன்’ ஆகிறது, ‘பயந்தாங்கொள்ளி’ என்பது ‘நாய் துரத்தியதால் பயந்த சிறுமி’ ஆகிறது. குணமாக இருந்தது நிகழ்ச்சியாகிறது. நிகழ்ச்சிக்குக் காரணமும் காலமும் உண்டு, அது முடிந்தும் போகும். இதை விளக்கி அறிவுரை சொல்லத் தேவையில்லை, தொடரை விரிக்கும் வேலையே அதைச் செய்துவிடுகிறது.

காலம் காட்டும் உருபுகளை இங்கே கவனமாகக் கையாள வேண்டும். ‘கோபப்பட்ட பையன்’ ஒரு நாளின் செய்தி, ‘கோபப்படுகிற பையன்’ இப்போதைய காட்சி. ‘கோபப்படும் பையன்’ என்றதும் அது வழக்கமாகி, நாம் கழற்றிவைத்த பட்டப்பெயர் வேறு வழியாக உள்ளே வந்துவிடுகிறது. மூன்று காலப் பெயரெச்சங்களையும் எதிர்மறையையும் கற்பிக்க இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. பாராட்டுக்கும் இது பொருந்தும். உளவியலாளர்கள் முல்லரும் கரோல் ட்வெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் ஒரு தோல்விக்குப் பின், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட விரைவில் மனந்தளர்ந்தனர். ‘புத்திசாலியான மாணவி’ என்பதற்கும் ‘விடை வரும்வரை விடாமல் போட்டுப் பார்த்த மாணவி’ என்பதற்கும் உள்ள இலக்கண வேறுபாடு, அந்த ஆய்வு காட்டும் வேறுபாட்டுக்கு வெகு அருகில் இருக்கிறது.

மற்றவரைப் புரிந்துகொள்ளும் திறனுக்கும் இந்தத் தொடர்கள் உதவுகின்றன. ‘கோபமான அக்கா’ என்பது பார்ப்பவரின் ஊகம், ‘கதவை ஓங்கிச் சாத்திய அக்கா’ என்பது கண்ணால் கண்டது. படக்கதை ஒன்றைக் கொடுத்து, முதலில் கண்டதை மட்டும் பெயரெச்சத்தில் எழுதுங்கள், பிறகு ஊகத்தைப் பெயரடையில் எழுதுங்கள் என்று இரண்டு பத்திகளாகப் பிரித்தால், ஒரே செயலுக்கு வகுப்பில் நான்கைந்து ஊகங்கள் கிளம்பும். அக்கா கோபமாக இருந்தாளா, அவசரத்தில் இருந்தாளா, காற்றுதான் கதவை அடித்ததா? சண்டை தீர்க்கும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கிறது. “அவன் மோசமான பையன்” என்று வரும் புகாரை “என் நோட்டைக் கேட்காமல் எடுத்த பையன்” என்று சொல்லவைத்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத் தலைமையாசிரியர் இருக்கிறார்.

மூட் மீட்டரில் காரணத்துக்கு இடமே இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. காரணத்தைப் புரிந்துகொள்ளுதல் ரூலரின் ஐந்து திறன்களுள் இரண்டாவதாக இருந்தும், சுவரில் மாட்டும் அட்டவணை நிலையை மட்டுமே காட்டுகிறது. இங்கே, உணர்வுகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வராமல் இருக்காது. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்ச்சி), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று எட்டைச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் தோன்றும் களம் நான்கு என்று அது வகுக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை; அச்சத்துக்கு அணங்கு (தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்); பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை. அது செய்யுளுக்கான இலக்கணம், வகுப்பறைக் கருவியாகாது என்பது உண்மையே. ஆனாலும் உணர்வையும் அது பிறக்கும் இடத்தையும் சேர்த்தே அட்டவணைப்படுத்தலாம் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. அட்டவணையின் கீழே ‘எதனால்?’, ‘யாரால்?’, ‘எப்போது?’ என்று மூன்று பெட்டிகள் கொண்ட பட்டை ஒன்றை நான் ஒட்டியிருக்கிறேன். மேலே கைவைத்த குழந்தை கீழே உள்ள பெட்டிகளுள் ஒன்றையாவது நிரப்பினால் ‘ஏமாந்த சிறுமி’ என்பது ‘நேற்று மாலை விளையாட அழைக்கப்படாததால் ஏமாந்த சிறுமி’ என்று நீள்கிறது. நான்காம் வகுப்பில் பெயரெச்சம் என்னும் சொல்லையே நான் பயன்படுத்துவதில்லை. ‘எந்தச் சிறுமி?’ என்ற கேள்விக்கு விடை என்றால் அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

வண்ணங்களைப் பற்றியும் ஒரு சொல். எந்த வண்ணமும் நல்லதோ கெட்டதோ ஆகாது என்பது உருவாக்கியவர்களின் நிலைப்பாடு. ஆனால் சாலை விளக்கையும் விடைத்தாளில் ஓடும் சிவப்பு மையையும் பார்த்து வளரும் குழந்தைகளிடம் சிவப்பைத் தண்டனையாகவும் பச்சையைப் பரிசாகவும் எண்ணாதே என்றால் எடுபடுவதில்லை. எல்லோரும் பச்சைக்கே ஓடுகிறார்கள். வண்ணங்களை மாற்றிக்கொள்ள வாய்ப்பிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், மங்கலான நான்கு வண்ணங்களே போதும்.

ஒவ்வொரு காலையும் எல்லோர் முன்னிலையிலும் தன் பெயர் எழுதிய கிளிப்பைக் கட்டத்தில் மாட்டும் முறையும் இணையத்தில் பரிந்துரைக்கப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குழந்தைகள் நண்பனின் கிளிப் இருக்கும் இடத்திலேயே தம்முடையதையும் மாட்டுகிறார்கள், வீட்டில் உண்மையாகவே துன்பம் உள்ள குழந்தையோ கூசி நிற்கிறது. சிறிய அட்டவணையை நோட்டில் ஒட்டிக்கொடுத்து, எழுதியதைக் காட்டுவதும் காட்டாததும் அவரவர் விருப்பம் என்று விடுவது மேல். பாடத்துக்கான தொடர்களைக் கதைமாந்தர்களைப் பற்றியும் எழுதலாம், மதிப்பெண் குறையாது. எழுதிய தொடர் ஒன்றில் வீட்டு வன்முறையோ அதைவிட மோசமானதோ தெரிந்தால் அதை இலக்கணப் பயிற்சியாகத் திருத்திக் கொடுக்கக் கூடாது. தலைமையாசிரியரிடமும், தேவையெனில் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணிலும் தெரிவிக்க வேண்டும். இதற்கு ஆயத்தமில்லாத ஆசிரியர் இக்கருவியைத் தொடாமலிருப்பதே நல்லது.

தமிழில் தாமாகத் தயாரித்து இணையத்தில் பகிரப்படும் உணர்வு அட்டைகளை அச்செடுப்பவர்கள் ஒற்றுப்பிழைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘நல்லப் பையன்’, ‘அழுதப் பெண்’, ‘கோபமானப் பாட்டி’ என்றெல்லாம் அவற்றில் வருகின்றன. பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகாது, ‘ஆன’ என்பதும் பெயரெச்சமே. ‘அழியாத’, ‘ஓயாத’ என்பவற்றின் கடைசி எழுத்து கெட்டு வரும் அழியாப் புகழ், ஓயாத் தொல்லை போன்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தில் மட்டுமே மிகும். பெயரடையைக் கற்பிக்கும் அட்டையிலேயே இந்தப் பிழை இருந்தால் அந்த அட்டையால் பயனில்லை.

செலவு பெரிதில்லை. வெற்றுக் கட்டத்தை ஒரு சார்ட் தாளில் நாமே வரைந்து வண்ணம் தீட்டலாம். இதே அச்சுகளைக் கொண்ட ‘ஹௌ வி ஃபீல்’ என்னும் இலவசக் கைப்பேசிச் செயலியும் உண்டு. பின்டரெஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பென் சில்பர்மேனும் மார்க் பிராக்கெட்டும் இணைந்து உருவாக்கியது அது. ஒவ்வொரு சொல்லைத் தொட்டதும் அதன் பொருளைச் சொல்லும் வசதி அதில் அருமை. ஆசிரியர் தம் சொந்தப் பழக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தொடக்கப்பள்ளி வகுப்பறைக்குக் கைப்பேசி வேண்டாம். ரூலர் திட்டத்தின் முழுப் பயிற்சி கட்டணம் செலுத்திப் பள்ளியாகச் சேர வேண்டியது. தமிழ்ப்பாடத்துக்காக மட்டும் அதில் சேர நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் அச்சுகளுக்கு ஐந்தும், சொற்பட்டியலுக்குத் தமிழ் வகுப்பின் பொருட்டு இரண்டும் கொடுப்பேன். ஐந்தாம் வகுப்புக்கு மூன்று பெட்டிப் பட்டையோடு முழுக் கட்டமும் பொருந்துகிறது. நான்காம் வகுப்புக்கு ஒரு வண்ணத்துக்கு ஐந்தாறு பெயர்ச்சொற்களுக்கு மேல் வேண்டாம். மூன்றாம் வகுப்பிலும் அதற்குக் கீழும் எண்களையும் சொற்களையும் எடுத்துவிட்டு நான்கு வண்ணங்களை மட்டும் வையுங்கள். முகம் வாடிய, கை நடுங்கிய, துள்ளிக் குதித்த, வாய்விட்டுச் சிரித்த என்று உடலில் தெரிவதைச் சொல்லும் தொடர்களை அவர்கள் வாய்மொழியாகச் சொன்னாலே அந்த வயதுக்கு நிறைய.